பழைய டீசல் பிக்கப் வாங்கி டிரெய்லர் இழுக்கணும்: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நான் டெக்சஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கேன். பதினோரு வருஷமா கேம்பிங் டிரெய்லர் இழுக்குறேன், இதுவரைக்கும் மூணு பழைய டீசல் பிக்கப் வாங்கியாச்சு. நம்ம தமிழ் நண்பர்கள் யாராவது டிரெய்லர் வாங்கிட்டா அடுத்த வாரமே ஃபோன் வந்துடும், "அண்ணா, இதை இழுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டி பாக்குறேன், எது நல்லது?"ன்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் பேசுறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இது அமெரிக்கால இருக்கறவங்களுக்கு, இங்க ஓடுற முக்கால் டன் (பேர்ல 250, 2500னு வரும்), ஒரு டன் (350, 3500னு வரும்) வண்டிகளப் பத்தினது. அதனால எடையெல்லாம் பவுண்டுலதான் சொல்லியிருக்கேன்.

ஃபோர்டு, ராம், செவி மூணுல எது வாங்கட்டும்?

அதை கடைசியா முடிவு பண்ணுங்க. முதல்ல உங்க டிரெய்லர் எடை தெரியணும். டிரெய்லர் இன்னும் வாங்கலன்னா எந்த மாதிரி டிரெய்லர்னாவது வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. வண்டிய முதல்ல வாங்கிட்டு அப்புறம் டிரெய்லர் தேடினா, குடும்பத்தோட போய் பாக்குறப்ப பெரிய டிரெய்லர்தான் பிடிக்கும், பிள்ளைங்களுக்கு பங்க் பெட் இருக்கு, ரெண்டு பாத்ரூம் இருக்குன்னு மனசு அங்கதான் போகும், அப்ப வாங்கின வண்டி பத்தாம போயிடும்.

டிரெய்லர் எடைன்னா ப்ரோஷர்ல போட்டிருக்குற காலி எடை இல்ல. டிரெய்லர் பக்கவாட்டுல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல ஜி.வி.டபிள்யு.ஆர்-னு ஒரு நம்பர் இருக்கும், எல்லாம் ஏத்தினா அதிகபட்சம் இவ்வளவுதான் இருக்கலாம்னு அர்த்தம். கணக்கு அதை வச்சுதான் போடணும். கேஸ் சிலிண்டர், பேட்டரி, குக்கர், அரிசி மூட்டை, மடக்கு நாற்காலின்னு ஏத்த ஏத்த அந்த நம்பர்கிட்ட போயிடுவீங்க. தண்ணி மட்டும் ஒரு கேலன் 8.3 பவுண்ட், 50 கேலன் டேங்க் நிரப்பினா அதுவே 415 பவுண்ட் ஆச்சு.

விளம்பரத்துல 15,000 பவுண்ட் இழுக்கும்னு போட்டிருக்கே, என் டிரெய்லர் 13,000 தானே?

அந்த 15,000 பொய் இல்ல, ஆனா உங்களுக்கு முதல்ல இடிக்கப்போறது அது இல்ல. முதல்ல இடிக்கிறது பேலோட், அதாவது வண்டி தன் முதுகுல எவ்வளவு சுமக்கலாம்ங்கறது. டிரெய்லர் முழுசா பின்னாடி உருண்டு வரும்னு நினைக்காதீங்க, அதுல ஒரு பங்கு வண்டி மேலயே உக்காரும். பம்பர் புல் டிரெய்லர்னா, அதாவது வண்டிக்குப் பின்னாடி குண்டு மாதிரி இருக்குற ஹிட்ச் பால்ல மாட்டுறது, மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் அந்த பால் மேல. ஃபிஃப்த் வீல்னா, அதாவது பிக்கப்போட பெட் உள்ளயே (பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி) மாட்டுற டிரெய்லர், 20 சதவீதம் வாக்குல பின் ஆக்சில் மேல வந்து உக்காரும்.

கணக்கு போட்டுக் காட்டுறேன். 13,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல், 20 சதவீதம்னா 2,600. ஹிட்ச் மட்டுமே ஒரு 200. நீங்க, வீட்டம்மா, ரெண்டு வளந்த பிள்ளைங்க சேந்து 600. பெட்ல டூல் பாக்ஸ், ஜெனரேட்டர், விறகுன்னு 200. மொத்தம் 3,600. இப்ப டிரைவர் பக்க கதவ திறங்க, கதவு மூடுற தூண்ல ஒரு மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேத்து இந்த எடைய தாண்டக்கூடாதுன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், டீசல் 2500-ல அது பெரும்பாலும் 2,000 பக்கம்தான் இருக்கும். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. இழுக்கும், சுமக்காது.

ஏன் இவ்வளவு கம்மின்னா, ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவி 2500 எச்.டி மாதிரி முக்கால் டன் வண்டிகள் நிறையவே மொத்த எடை 10,000 பவுண்டுக்குள்ள நிக்குற மாதிரி கம்பெனியே பேப்பர்ல கட்டிப் போட்டிருப்பாங்க. அதுக்குள்ள டீசல் இன்ஜினோட கூடுதல் எடை வேற போயிடுது. அதனால ஒரே மாடல்ல பெட்ரோல் வண்டிக்கு பேலோட் டீசல் வண்டிய விட அதிகமா இருக்கும், இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும் ஆனா நிஜம். ஃபிஃப்த் வீல் ஆசை இருந்தா நேரா ஒரு டன் வண்டிக்கு போங்க, அதாவது எஃப்-350 இல்ல 3500. பெரிய ஃபிஃப்த் வீல்னா பின்னாடி நாலு டயர் இருக்குற டூவலி. 8,000 பவுண்ட் பம்பர் புல்னா ஹிட்ச் மேல ஒரு 1,000 வரும், நாலு பேரோட 2500-ல அடங்கிடும், ஆனா அதுலயும் ஸ்டிக்கர படிச்சுட்டு வாங்குங்க, ஏன்னா சன்ரூஃப், பெரிய ட்ரிம்னு ஏற ஏற அந்த நம்பர் இறங்கிக்கிட்டே வரும்.

இன்னொண்ணு, சில ஒரு டன் வண்டில அந்த மஞ்சள் ஸ்டிக்கரே இருக்காது, 10,000 பவுண்டுக்கு மேல ரேட்டிங் இருந்தா அது கட்டாயம் இல்ல. அப்ப கதவுல இருக்குற ஜி.வி.டபிள்யு.ஆர்-லேர்ந்து வண்டியோட நிஜ எடைய கழிச்சுக்கணும்.

டீசல் கண்டிப்பா வேணுமா?

நெறைய பேருக்கு வேண்டாம், இதை நான் மனசாரத்தான் சொல்றேன். வருஷத்துக்கு நாலு தடவ பக்கத்து ஸ்டேட் பார்க்குக்கு 6,000 பவுண்ட் டிரெய்லர இழுத்துட்டு, மீதி நாளெல்லாம் ஆபீஸுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அஞ்சு மைல் அஞ்சு மைலா ஓட்டப் போறீங்கன்னா டீசல் உங்களுக்கு செலவு வைக்கும். ஃபோர்டோட 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், செவியோட 6.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ரெண்டும் 2020லேர்ந்து வருது, ராம்ல 6.4 ஹெமி இருக்கு, அதெல்லாம் பாருங்க.

டீசல் தன் காச திருப்பித் தர்ற இடம் மலையும் தூரமும். கொலராடோல ஐ-70 மேல ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு. அந்த உயரத்துல டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் காத்து பத்தாம மூச்சு வாங்கும், டர்போ டீசல் அதே இழுவைய பிடிச்சு வச்சிருக்கும். ஏறுறத விட இறங்குறப்பதான் எனக்கு டீசல் அருமை தெரிஞ்சுது. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா புகை போற வழிய டர்போ மூடி இன்ஜினே வண்டிய பிடிச்சுக்கும், நீண்ட இறக்கத்துல பிரேக் பெடல்ல கால் வைக்க வேண்டிய வேலையே கம்மி, பிரேக் சூடாகி வாசனை வர்ற பயம் இல்ல. வருஷத்துக்கு ரெண்டு நீளமான டிரிப்பாவது மலைப்பக்கம் இருந்தா டீசல் வாங்குங்க.

டி.பி.எஃப், டெஃப்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

2007-ல எமிஷன் விதி இறுகினப்ப டி.பி.எஃப் வந்துச்சு, அதாவது புகைல இருக்குற கரிய பிடிச்சு வைக்கிற ஃபில்டர். கரி நிறைஞ்சா இன்ஜின் புகைய சூடாக்கி அந்தக் கரிய எரிச்சு சாம்பலாக்கும், அதுக்குப் பேர் ரீஜென். ஹைவேல சூடா கொஞ்ச நேரம் ஓடினாதான் ரீஜென் முழுசா முடியும். டவுனுக்குள்ளயே ஓடினா பாதில நிக்கும், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிக்கும், கடைசில அடைச்சுக்கிட்டு லைட் எரியும். அஞ்சு மைல் ஓட்டத்துக்கு டீசல் ஆகாதுன்னு மேல சொன்னது இதனாலதான்.

அடுத்து டெஃப். ஃபோர்டு, செவி ரெண்டுலயும் 2011லேர்ந்து, ராம் பிக்கப்ல 2013லேர்ந்து. 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி, நீல மூடி போட்ட தனி டேங்க்ல ஊத்தணும், புகைல இருக்குற நைட்ரஜன் ஆக்சைட கொல்லும். டெஃப் தீந்தாலோ அதோட சென்சார் கெட்டாலோ வண்டி முதல்ல எச்சரிக்கும், அப்புறம் வேகத்த குறைச்சு நடை வேகத்துக்கே கொண்டுவந்துடும். டிரெய்லரோட நடுவழில அந்த நிலைமைய நினைச்சுப் பாருங்க. அதனால வாங்கறதுக்கு முன்னாடி எமிஷன் பார்ட் எதெல்லாம் மாத்தியிருக்குன்னு ரசீது கேளுங்க. மாத்தியிருந்தா அது நல்ல சேதி, கெட்ட சேதி இல்ல.

"டெலீட்" பண்ண வண்டி சல்லிசா வருது, வாங்கலாமா?

வேண்டாம். டெலீட்னா அந்த டி.பி.எஃப், இ.ஜி.ஆர் (புகைல ஒரு பங்க திரும்ப இன்ஜினுக்கே அனுப்புறது), டெஃப் எல்லாத்தையும் கழட்டிட்டு கம்ப்யூட்டர ஏமாத்துற ட்யூன் போட்டது. ஃபெடரல் க்ளீன் ஏர் சட்டப்படி அது தப்பு, ஸ்டேட்ல டெஸ்ட் இல்லங்கறதால சரின்னு ஆகாது. கலிஃபோர்னியா போனா 1998 மாடல்லேர்ந்து வந்த டீசலுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்மாக் செக்னு புகை டெஸ்ட் இருக்கு, அங்க ரெஜிஸ்ட்ரேஷனே ஆகாது. திருப்பி எல்லாத்தையும் மாட்டணும்னா பல ஆயிரம் டாலர். அதுபோக ட்யூன் போட்டு எக்ஸ்ட்ரா பவர் ஏத்தின வண்டில கியர் பாக்ஸும் ஹெட் கேஸ்கெட்டும் எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் புகைய நம்ம பிள்ளைங்கதான் சுவாசிக்கும்ங்கறதும் எனக்கு ஒரு காரணம்.

கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. டி.பி.எஃப் ஒழுங்கா இருக்குற வண்டியோட புகைக்குழாய் உள்ள விரல விட்டுத் தடவினா விரல் கிட்டத்தட்ட சுத்தமா வரும், பத்து வருஷ வண்டியா இருந்தாலும். கருப்பு மை மாதிரி ஒட்டுச்சுன்னா ஃபில்டர் விரிசல் விட்டிருக்கு, இல்லன்னா கழட்டியாச்சு. நான் வண்டி பாக்கப் போனா ஹலோ சொன்னதும் செய்யற முதல் வேலை இதுதான்.

ஃபோர்டுல எந்த வருஷம்?

1990கள் நடுவுல வந்து 2003 வரைக்கும் இருந்த 7.3 பவர் ஸ்ட்ரோக் டீசல் உழைப்பாளி, மெதுவா இழுக்கும், ரொம்ப நாள் இருக்கும், ஆனா இப்ப இருபது வருஷத்த தாண்டின வண்டி, ரப்பர், வயரிங் எல்லாம் வயசாகியிருக்கும். 2003 நடுவுலேர்ந்து 2007 வரைக்கும் வந்த 6.0, இது பேர் கெட்டுப்போன இன்ஜின்: ஆயில் கூலர் அடைச்சுக்கும், அதனால இ.ஜி.ஆர் கூலர் வெடிக்கும், ஹெட் போல்ட் நீண்டு ஹெட் கேஸ்கெட் போகும். சரிபண்ணி, ஹெட் ஸ்டட் போட்டு, ரசீதோட வந்தா நல்ல வண்டிதான், அப்பவும் ஸ்கேனர மாட்டி ஹைவேல ஓட்டிப் பாருங்க, ஆயில் சூடும் கூலண்ட் சூடும் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல விலகி நின்னா ஆயில் கூலர் அடைப்பு. 2008லேர்ந்து 2010 வரைக்கும் 6.4, இதை நான் யாருக்கும் சொல்றதில்ல, ரீஜென்ல டீசல் ஆயிலோட கலக்கும், பெரிய வேலைன்னா கேபினையே தூக்கித்தான் செய்யணும். 2011லேர்ந்து 6.7, ஃபோர்டே செஞ்சது. முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்து டர்போ கொஞ்சம் வீக், 2015லேர்ந்து பெரிய டர்போ. பட்ஜெட் இடம் கொடுத்தா 2015க்கு மேல பாருங்க.

செவி, ஜி.எம்.சி?

டியூராமேக்ஸ் இன்ஜின் 2001-ல வந்துச்சு, கூடவே ஆலிசன் கியர் பாக்ஸ். அந்த கியர் பாக்ஸுக்காகவே இத வாங்கறவங்க இருக்காங்க, அதுல தப்பில்ல. முதல்ல வந்தது எல்.பி.7ங்கற இன்ஜின், அதுல இன்ஜெக்டர் தொல்லை, அது வால்வ் கவருக்கு அடில இருக்கறதால மாத்துற கூலி ஜாஸ்தி. அடுத்த எல்.எல்.ஒய் பாரம் இழுக்குறப்ப சூடாகும். 2006, 2007-ல வந்த எல்.பி.இசட்தான் எல்லாரும் தேடுறது, ஆறு கியர் ஆலிசன், டி.பி.எஃப் கிடையாது, அதனால விலையும் இறங்காது. 2006-ல ரெண்டு இன்ஜினும் கலந்து வந்திருக்கு, விக்கறவர் வாய்ச்சொல்ல நம்பாம வண்டியோட அடையாள எண்ணான வின் நம்பர்ல எட்டாவது எழுத்தப் பாருங்க, 'டி'ன்னா எல்.பி.இசட், '2'ன்னா எல்.எல்.ஒய்.

2011லேர்ந்து 2016 எல்.எம்.எல். நல்ல இன்ஜின், ஆனா அதுல இருக்குறது சி.பி.4 டீசல் பம்ப். அந்த பம்ப் உள்ள உரசிப் போச்சுன்னா இரும்புத் தூள் டீசல் லைன் பூரா பரவிடும், இன்ஜெக்டர், ரெயில், லைன் எல்லாத்தையும் மாத்தணும், பில் பத்தாயிரம் டாலர் பக்கம் போகும். ஃபோர்டு 6.7-லயும் சி.பி.4தான், அதனால டீசல் ஃபில்டர் ஒழுங்கா மாத்தினாங்களாங்கறது ரெண்டுக்கும் உயிர் கேள்வி. 2017லேர்ந்து வந்த எல்.5.பி-ல பம்ப் வேற, டென்சோ போட்டது, 445 குதிரை சக்தி, 910 பவுண்ட்-அடி டார்க். என் சொந்தக் காசுன்னா நான் தேடுறது இதுதான்.

ராம்?

ராம்னா கம்மின்ஸ் கம்பெனி இன்ஜின், நேர் வரிசைல ஆறு சிலிண்டர். 1998 வரைக்கும் வந்த 12 வால்வ் 5.9 லாரி இன்ஜின் மாதிரி, முழுக்க மெக்கானிக்கல் பம்ப். 1998 நடுவுலேர்ந்து 2002 வரைக்கும் 24 வால்வ், அதுல வி.பி.44 பம்ப், டேங்க்லேர்ந்து டீசல தள்ளுற லிஃப்ட் பம்ப் வீக் ஆயிட்டா இந்த வி.பி.44-ம் சேந்து போகும், சில பிளாக்ல '53'ன்னு நம்பர் வார்ப்புலயே இருக்கும், அது பக்கவாட்டுல விரிசல் விடுற பிளாக். 2003லேர்ந்து 2007 வரைக்கும் காமன் ரெயில் 5.9, நல்ல பேரு. அப்புறம் இன்னிக்கு வரைக்கும் 6.7.

இன்ஜின் இரும்பு, ஆனா சுத்தி இருக்குறத பாக்கணும். 2024 வரைக்கும் 2500-ல வந்த 68 ஆர்.எஃப்.இ கியர் பாக்ஸ் கனமா இழுக்குறவங்களுக்கு சீக்கிரம் தேயும். 2013லேர்ந்து 2024 வரைக்கும் 3500-ல ஹை அவுட்புட் இன்ஜினோட வந்த ஐசின் கியர் பாக்ஸ் கெட்டி. 2024 வரைக்கும் வந்த 6.7-ல இன்டேக்ல காத்து சூடாக்குற கிரிட் ஹீட்டர் இருக்கு, அதோட போல்ட் காலப்போக்குல கரிஞ்சு உதிர்ந்து நேரா சிலிண்டருக்குள்ள விழுந்த கேஸ் நிறைய, அதை முன்கூட்டியே மாத்துற கிட் கிடைக்குது, வாங்கின உடனே போட்டுடுங்க. 2019, 2020 வண்டிகள்ல சி.பி.4 பம்ப் வச்சாங்க, 2021-ல ரீகால் வந்துச்சு, அந்த வேலை முடிஞ்சிருக்கான்னு ரோடு பாதுகாப்ப பாத்துக்கிற ஃபெடரல் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ தளத்துல வின் நம்பர் போட்டா இலவசமா தெரியும். 2014லேர்ந்து 2500-ல பின்னாடி லீஃப் ஸ்பிரிங்குக்கு பதிலா காயில், காலியா ஓட்ட சுகம், கனம் ஏறினா பின்பக்கம் கொஞ்சம் உக்காரும்.

டீசல்தானே, 2,00,000 மைல் ஓடியிருந்தா என்ன?

மைல மட்டும் பாக்காதீங்க, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க. நிறைய வண்டில டாஷ்போர்டு மெனுவுலயே காட்டும், ஃபோர்டுல சும்மா நின்னு ஓடின நேரமும் தனியா இருக்கும். மைல மணி நேரத்தால வகுங்க. 1,20,000 மைல், 3,000 மணி நேரம்னா சராசரி 40, ஹைவே வண்டி. அதே 1,20,000 மைல் 6,500 மணி நேரத்துலன்னா சராசரி 18 தான், பாதி வாழ்க்கை நின்ன இடத்துலயே ஓடியிருக்கு, டி.பி.எஃப்-க்கும் இ.ஜி.ஆர்-க்கும் அதைவிட கெடுதல் இல்ல. மேற்கு டெக்சஸ்ல மிட்லண்ட், ஒடெசா எண்ணெய் வயல் பக்கத்துலேர்ந்து வர்ற வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஏசி போட்டுக்கிட்டு நாள் முழுக்க ஓடும். மேல பளபளன்னு கழுவியிருப்பாங்க, நீங்க ஃப்ரேம் மூலைலயும் ஏர் ஃபில்டர் டப்பாலயும் பாருங்க, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூசி படிஞ்சு இறுகியிருக்கும்.

நேர்ல போனா என்னென்ன பாக்கணும்?

எங்க தாத்தா அந்தியூர் சந்தைல மாடு பிடிக்கறப்ப பல்ல பாப்பாரு, சுழி பாப்பாரு, கொஞ்ச தூரம் நடக்க விட்டுப் பாப்பாரு, அதெல்லாம் முடிஞ்சுதான் துண்டுக்கு அடில விரல் பிடிச்சு விலை பேசுவாரு. இங்கயும் அந்த வரிசைய மாத்தாதீங்க.

போறதுக்கு முன்னாடியே ஃபோன்ல சொல்லிடுங்க, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு. போனதும் ஹூட் மேல உள்ளங்கைய வச்சுப் பாருங்க, இளஞ்சூடா இருந்தா இன்னொரு நாள் காலைல வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. என் முதல் வண்டிய நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் பாத்தேன், ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு, "வெயிலா இருக்கே, உங்களுக்காக ஏசி போட்டு வச்சேன்"னு விக்கறவர் சொன்னாரு, எனக்கு அது பெரிய மரியாதையா பட்டுச்சு. மறுநாள் காலைல என் வீட்டு டிரைவ்வேல சாவி திருப்பினேன், ஏழெட்டு செகண்ட் சுத்தி சுத்தி அப்புறம்தான் பிடிச்சது, பின்னாடி வெள்ளைப் புகை பக்கத்து வீட்டு கராஜ் கதவு வரைக்கும் போய் நின்னுச்சு, டீசல் வாடை கண்ண எரிச்சது. இன்ஜெக்டர் எட்டும் மாத்தினேன், நாலாயிரம் டாலருக்கு மேல ஆச்சு. காலைல குளிர்ந்த இன்ஜின ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருந்தா அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் புகைய பாருங்க. குளிர் நாள்ல லேசா வெள்ளையா வந்து ஒரு நிமிஷத்துல நின்னா பரவால்ல, சூடான பிறகும் வெள்ளை வந்தா எரியாத டீசலோ கூலண்டோ, இனிப்பு வாசனை அடிச்சா கூலண்ட். நீலம்னா ஆயில். அப்புறம் ஆயில் ஊத்துற மூடிய கழட்டி அதே ஓட்டை மேல தலைகீழா வைங்க, ஐடில்ல அது லேசா ஆடினா சரி, தூக்கி எறிஞ்சா பிஸ்டன் ரிங் வழியா காத்து கீழ இறங்குது, அங்கயே விடை பெத்துக்கலாம். கூலண்ட் டப்பா மூடிய சுத்தி வெள்ளையா காஞ்ச கறை இருக்கா பாருங்க, அழுத்தம் தாங்காம வெளிய தள்ளியிருக்குன்னு அர்த்தம், குறிப்பா 6.0-ல.

ஓட்டிப் பாக்குறப்ப 60 மைல் வேகத்துல ஒரு பாலத்து இணைப்பு மேல ஏத்துங்க. ஸ்டீரிங் கடகடன்னு ஆடி நிக்காம உதறினா முன் ஆக்சில்ல ட்ராக் பார், பால் ஜாயிண்ட் தேஞ்சிருக்கு, ராம்லயும் ஃபோர்டு சூப்பர் டியூட்டிலயும் (எஃப்-250, எஃப்-350) இது சகஜம். டயர்ல டாட் எழுத்துக்கு அப்புறம் கடைசி நாலு எண் பாருங்க, 3519ன்னா 2019-ம் வருஷம் 35-வது வாரம் செஞ்சது, பட்டன் ஆழமா இருந்தாலும் பழைய டயர்ல டிரெய்லர் இழுக்காதீங்க.

வடக்குலேர்ந்து வர்ற வண்டி விலை கம்மியா இருக்கே?

ஒஹையோ, மிச்சிகன், பென்சில்வேனியால குளிர்காலத்துல ரோட்ல உப்பு போடுவாங்க, அது ஃப்ரேமையும் பிரேக் லைனையும் தின்னுடும். ஒரு சின்ன சுத்தியல் எடுத்துட்டுப் போங்க, அனுமதி கேட்டு ஃப்ரேம லேசா தட்டுங்க, டங்குன்னு கேட்டா சரி, பொத்துனு கேட்டு செதில் உதிர்ந்தா வேண்டாம். புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்ச ஃப்ரேம்னா ரெண்டு மடங்கு உன்னிப்பா பாருங்க.

வெள்ளத்துல முங்கின வண்டிய எப்படி கண்டுபிடிக்கிறது?

2017 ஹார்வி புயல்ல ஹூஸ்டன்லயும், 2022 இயன் புயல்ல ஃப்ளோரிடாலயும் எக்கச்சக்கமா முங்கிச்சு, அதெல்லாம் வேற ஸ்டேட்ல டைட்டில் மாத்திக்கிட்டு திரும்ப வரும். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, உள்ள சுருண்டிருந்த பாகத்துல சேத்துக் கோடு இருந்தா முங்கின வண்டி. சீட்டுக்கு அடில ரெயில் போல்ட் துருவையும் பாருங்க. இன்சூரன்ஸ் மோசடிய கண்காணிக்கிற என்.ஐ.சி.பி தளத்துல வின் போட்டா திருட்டு, சால்வேஜ் (இன்சூரன்ஸ் கம்பெனி தேறாதுன்னு தள்ளினது) விவரம் இலவசம், ஆனா அதுல ஒண்ணும் இல்லங்கறத வச்சு நிம்மதி ஆகிடாதீங்க.

மெக்கானிக்கிட்ட காட்டணுமா?

கட்டாயம் காட்டணும், அதுவும் டீசல் மட்டுமே பாக்குற கடைல, விக்கறவர் சொல்ற கடைல இல்லாம நீங்க தேடின கடைல. ஸ்கேனர்ல இன்ஜெக்டர் பேலன்ஸ் ரேட் பாக்கச் சொல்லுங்க, கோட் எதாவது சமீபத்துல அழிச்சிருக்காங்களான்னு கேளுங்க. அழிச்சிருந்தா மானிட்டர்கள் "ரெடி இல்ல"ன்னு காட்டும். கடைக்கு எடுத்துட்டுப் போக விக்கறவர் ஒத்துக்கலன்னா அதுக்கு மேல பேசாதீங்க, வேற வண்டி வரும்.

லைசென்ஸ் வேற எடுக்கணுமா?

வண்டியும் டிரெய்லரும் சேந்து ரேட்டிங் 26,000 பவுண்ட தாண்டி, டிரெய்லர் 10,000க்கு மேலன்னா யோசிக்கணும். சொந்த உபயோகத்துக்கு பெரும்பாலும் கமர்ஷியல் லைசென்ஸ் தேவைப்படாது, ஆனா டெக்சஸ்ல கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ எடுக்கணும். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், உங்க ஸ்டேட்ல லைசென்ஸ் கொடுக்குற ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

வாங்கியாச்சு, முதல்ல என்ன செய்யணும்?

வண்டி விலைல ஒரு 15 சதவீதமாவது கைல தனியா வச்சுக்கிட்டு வாங்கியிருக்கணும், இல்லன்னா இந்தப் பதிலே கஷ்டமா இருக்கும். டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், ரெண்டு ஆக்சில் ஆயில், கூலண்ட் எல்லாம் மாத்திடுங்க, பழையவர் மாத்தினேன்னு சொல்லியிருந்தாலும். கம்மின்ஸ் 6.7 இன்ஜின் ஆயில் மட்டும் 12 குவார்ட், காருக்கு மாத்துற நினைப்புல போகாதீங்க. கழட்டின டீசல் ஃபில்டர வெட்டி வெயில்ல பாருங்க, மினுமினுன்னு இரும்புத் தூள் தெரிஞ்சா அன்னிக்கே பம்ப செக் பண்ணணும்.

அப்புறம் டிரெய்லர மாட்டி, குடும்பத்தயும் ஏத்தி, சாமானெல்லாம் ஏத்தி, டேங்க் ஃபுல் பண்ணிக்கிட்டு ஹைவே டிரக் ஸ்டாப்ல இருக்குற கேட் ஸ்கேலுங்கற எடை மேடைக்குப் போங்க. முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர்னு தனித்தனியா எடை போட்ட சீட்டு வரும். அதை கதவுல போட்டிருக்குற ஆக்சில் ரேட்டிங்கோட ஒப்பிடுங்க. நான் இப்ப வச்சிருக்குற 2500-ல பின் ஆக்சில் லிமிட் 6,200, முதல் தடவ சீட்டுல 6,140 வந்துச்சு. அடுத்த டிரிப்புக்கு முன்னாடி ஜெனரேட்டர சின்னதா மாத்திட்டேன், விறகு இப்பெல்லாம் கேம்ப்கிரவுண்ட்ல போய்தான் வாங்குறோம்.